ஆறு துண்டும் சும்மா கிடக்கவில்லை

மேல் டிவிஷன்,
கொட்டகலை.
ஜூன் 9, திங்கட்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் மாமாவும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை நேற்றுப் போனில் போட்ட சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன்.

நாம் பேசியது லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கிறது. காலையில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால், பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா "என்னாடி, டோஹாவுலருந்து ஒம் புருசன் தொரை என்னா சொல்றாரு?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுச் சிரித்தார். வாய்ஸ் அனுப்பினால் உங்கள் அறையில் எட்டுப் பேர் கேட்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். டவுனில் டேட்டா கிடைக்கும் ரிஸ்வி நானா கடை வாசலில் நின்று இதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுவேன். எழுதும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது இன்னொரு வசதி.

சனிக்கிழமை சிவப்புப் பெயின்ட் டின்னோடு இரண்டு பேர் வந்ததை நேற்றுப் பாதிதான் சொன்னேன். மீதியை நீங்கள் கேட்கவில்லை. ஒருவர் கம்பனி ஆள். மற்றவர் நில அளவைக்காரர், சிங்களவர், மரியாதையாகத்தான் பேசினார். தோட்டத்தில் சும்மா கிடக்கும் இடத்திலெல்லாம் கம்பனி மரம் நடப் போகிறதாம். ஆட்கள் பயன்படுத்தும் இடத்தை அவர்களிடமே விட்டுவிடுவார்களாம். நம் மலையில் ஏறி நின்று, வலை வேலி அடித்துப் பிரித்திருக்கும் ஒன்பது துண்டையும் எண்ணினார்கள். ஒரு துண்டில் மாடு, ஒரு துண்டில் ஆடு, ஒரு துண்டில் கோழி. மிச்சம் ஆறு துண்டிலும் புல் மட்டும். அந்த ஆறையும் கைகாட்டி "ஹிஸ் இடமக்" என்றார் அளவைக்காரர். வெறும் காணி என்கிறார். கம்பனி ஆள் உடனே வேலிக் கம்புகளில் சிவப்பு அடித்தார். அது வெறும் காணி இல்லை, புல்லுக்கு ஓய்வு விட்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "புல்லுக்கும் லீவு குடுக்கிறியா?" என்று கம்பனி ஆள் தமிழில் கேட்டார். இந்தத் தோட்டத்தில் நம்மைவிடப் புல் கொடுத்துவைத்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வியாழக்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து பார்த்து முடிவு செய்வாராம்.

எல்லா வலையையும் பிரித்து, இருக்கிற உருப்படிகளை ஒன்பது துண்டிலும் பரப்பி விடு, நிலம் நிறைந்து தெரியும் என்கிறீர்கள். மாமாவும் மகன் சொன்னதையே சொல்கிறார். என் வேலையை நீங்கள் வீடியோவில்தான் பார்த்திருக்கிறீர்கள். அதனால் ஒரு தடவை பொறுமையாக எழுதுகிறேன்.

நுவரெலியாப் பக்கம் அந்தப் பண்ணையில் இரண்டு வருடம் சாணி அள்ளி நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான். முதலில் மாடு போகும். நுனிப்புல்லை மேயும். அடியை மொட்டையடிக்கும் முன் அதை அடுத்த துண்டுக்கு மாற்றிவிட வேண்டும். மாடு தொடாமல் விட்ட முள்ளையும் செடியையும் பின்னால் வரும் ஆடு தின்னும். அதற்குப் பின்னால் கோழி. அது சாணியைக் கிளறிப் புழுவையும் உண்ணியையும் பொறுக்கும், சாணியைப் பரப்பியும் விடும். அதன் பிறகு புல் முழங்கால் உயரம் வரும்வரை அந்தத் துண்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. உண்மையான வேலை நடப்பது மாடு நிற்கும் துண்டில் இல்லை, மச்சான். ஒன்றுமே நிற்காத அந்த ஆறு துண்டில்தான். இந்த மழையில், இந்தச் சரிவில், எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிவிட்டால் மண் சேறாகித் தண்ணீர் ஓடும் கானில் போய் விழும்.

அது என்ன மாதிரி இடமாக இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். தேயிலை செத்து, மானாப்புல் மண்டி, பன்றி படுத்த மலை. "என்னமாச்சும் செஞ்சிக்கங்க" என்று பழைய தொரை வாயால் சொன்னதைத் தவிர நம்மிடம் எதுவும் இல்லை. தேயிலை செத்த இடத்துக்கும் கம்பனிதான் சொந்தக்காரன். நாம் செத்தால் புதைக்கிற இடத்துக்கும் அவனிடம்தான் கேட்க வேண்டும். மற்ற வீட்டுப் பெண்கள் பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, ஆற்றோரம் போய்ப் புல் அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டிலில் போடுகிறார்கள். கன்றாகப் பிறந்தது கிழடாகும்வரை கொட்டிலைத் தாண்டாது. மனிதருக்குப் பத்தடிக் காம்பரா, மாட்டுக்கு நாலடி. நம் மாடு மட்டும் தன் காலால் நடந்து போய்த் தன் வாயால் மேய்கிறது.

மேல் துண்டில் வீடு கட்டத்தான் நீங்கள் அங்கே வெயிலில் நிற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாது என்ற பயத்தில்தான் கத்தினீர்கள். எனக்கும் அதே பயம்தான்.

வியாழக்கிழமை எனக்கு லீவு இல்லை என்று வேலை வாங்கும் கண்டாக்கு சொல்லிவிட்டார். வேண்டுமென்றே சொல்கிறார். நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பேன், வருகிறவர்களோடு மாமாதான் நிற்பார். நான் சொன்னால் மாமா கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். வேலியில் கைவைக்க வேண்டாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம்.

உங்கள்
சுலக்ஷனா


ஜூன் 13, வெள்ளிக்கிழமை

மச்சானுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

மாமாவிடம் என்ன சொன்னீர்கள் என்று இனிக் கேட்டுப் பயனில்லை. "யோகேசு செய்யச் சொன்னான், செஞ்சேன்" என்கிறார். நடந்ததை மட்டும் எழுதுகிறேன், வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து ஆள் வருகிறது என்றால் இந்தத் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் நடக்கும் பாதையோரம் மட்டும் கான் வெட்டுவார்கள். லயத்தின் முன்பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு. பிள்ளை மடுவத்தில் விட்டிருக்கும் குழந்தைகளுக்கு அன்றைக்கு மட்டும் பிஸ்கட். நாற்பது வருடம் மாமா அந்த வேலைக்கு ஓடினவர். நேற்றும் அதையே செய்தார். வலையைப் பிரித்தது மட்டுமில்லை. நம் உருப்படிகள் ஒன்பது துண்டுக்கும் போதாது என்று, பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, லயத்திலிருந்த ஆம்பிளைகளிடம் கேட்டு நாலு வீட்டு மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போய் மேலே விட்டிருக்கிறார். அந்தப் புத்திசாலிகளும் கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கொட்டிலைத் தாண்டாத மாடுகள் மச்சான் அவை. சரிவையே பார்த்ததில்லை. மழை வேறு. கால் வழுக்கியதும் மிரண்டு கீழ்நோக்கி ஓட ஆரம்பித்திருக்கின்றன. கீழே என்ன இருக்கிறது? ஆறாம் நம்பர் தேயிலை. நாங்கள் அங்கேதான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். ராசம்மா அக்கா நிமிர்ந்து பார்த்து "அங்க ஓடுறது நம்ம வெள்ளச்சி மாதிரியில்ல இருக்கு?" என்றார். நாகலெட்சுமி அக்கா, "ஒங்க வெள்ளச்சி எந்திரிச்சி நின்னாலே அதிசயம், அதுவாவது ஓடுறதாவது" என்று சிரித்து முடிக்கவில்லை, வெள்ளச்சி எங்கள் நிரைக்குள்ளேயே வந்து விழுந்தது. அதன் பின்னால் நாகலெட்சுமி அக்காவின் மாடு. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. கடைசியாக மாமா, ஒரு செருப்போடு.

கண்டாக்கு விசில் ஊதினார். தேயிலைக்குள் மாடு இறங்கினால் என்ன சட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். காவல்காரர்கள் நாலையும் பிடித்துக்கொண்டு போய், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கட்டிவிட்டார்கள். நம் மாடுகள் மேலேயே நின்றன. அவற்றுக்கு அந்த இடம் தெரியும்.

கொழும்புக்காரர் பத்து மணிக்கு வந்தார். குடைக்குள் நின்று நம் மலையைப் பார்த்தார். ஒன்பது துண்டும் ஒரே சேறு. ஒன்றரை வருடம் நான் வளர்த்த புல் காலடியில் புதைந்து கிடந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கம்பனி ஆள் அதைத் தமிழில் சொன்னார்: இவங்க கையில நெலத்தக் குடுத்தா இப்படித்தான் நாசம் பண்ணுவாங்க. சனிக்கிழமை இவர்களுக்கு அது வெறும் காணி. அஞ்சு நாளில் நாசமான காணி ஆகிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் அவர்களுக்குத்தான் சேர வேண்டும் போலிருக்கிறது.

பின்னேரம் கண்டாக்கு நம் வாசலுக்கு வந்தார். மேலே உள்ள ஆறு துண்டிலும் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று மாமா ஆபிசில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் நாலு மாட்டையும் அவிழ்த்துவிடுவார்களாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். நம் மாட்டைப் பிடித்திருந்தால் நாம் மட்டும் அழுவோம். அடுத்த வீட்டு மாட்டைப் பிடித்தால் அடுத்த வீடு நம்மைப் பிடிக்கும்.

பிடித்தது. ராசம்மா அக்கா வாசலில் நின்று "ஒம் புருசன் டோஹாவுல இருந்துக்கிட்டு மாடு மேய்க்கிறானோ? அங்கருந்தே வந்து அவுத்து விடச் சொல்லு!" என்று கத்தினார். சிரிப்பு வரவேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாம் காம்பராவிலிருந்து யாரோ "கையெழுத்தப் போட்டுத் தொலைங்களேன்" என்றார்கள். மாமா காலைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மகனிடம் கேட்டுத்தான் சொல்வேன் என்று மட்டும் கண்டாக்குக்குச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபம் என்பதை எழுத ரிஸ்வி நானா கடையில் பேப்பர் போதாது.

சுலக்ஷனா


ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டு நாளாக நீங்கள் எடுத்த போனுக்கு நான் பதில் சொல்லவில்லை. பேசினால் ஒன்று அழுவேன், இல்லாவிட்டால் ஏசுவேன். இப்போது மலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை விட்டிருக்கிறது. நாகலெட்சுமி அக்கா வந்து என்னை மாற்றிவிட்டதும் டவுனுக்கு ஓடி இதை அனுப்ப வேண்டும். நாளைக் காலைக்குள் நீங்கள் இதைப் படித்தே ஆகவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரட்டுக் களத்திலிருந்து மாடு கத்துவது லயம் வரை கேட்டது. முதல் நாளிலிருந்து கறக்காத மடி. கல் மாதிரி இறுகி, தொட்டால் உதைக்கும் நிலை. கொழுந்து நிறுவை முடிந்ததும் ராசம்மா அக்கா வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் பின்னால் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் போனேன். காவல்காரர் குறுக்கே நின்று, "மாட்டத் தொடக் கூடாதுன்னு ஓடர்" என்றார். ராசம்மா அக்கா "சரி, நீயே கற. கறந்து தொரைக்கு டீ போட்டுக் குடு" என்று வாளியை அவர் கையில் திணித்தார். அவர் வாளியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், ஒதுங்கி நின்றுகொண்டார்.

அங்கே, களத்தில் குந்தியிருந்து கறந்துகொண்டிருந்தபோதுதான் நான் அவர்களிடம் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன். அதைத்தான் இப்போது உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

மாமா கையெழுத்துப் போட்டால் மாட்டை விடுவிப்பார்கள், நீங்களும் மறுபடி தலைச்சுமையாகப் புல் சுமப்பீர்கள், ஆற்றோரத்தில் மரம் நட்ட பிறகு அந்தப் புல்லும் இருக்காது என்றேன். அதற்குப் பதிலாக நம் மலைக்கே மாட்டைக் கொண்டுவாருங்கள், ஒரு வீட்டு நிலமாக இருந்தால்தான் ஒரு கையெழுத்தில் பிடுங்குவார்கள், ஐந்து வீட்டு நிலமாக்கிவிடுவோம் என்றேன். ராசம்மா அக்கா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "ஒங்க மூணு மாட்டோட எங்க நாலும் சேந்தா அந்தப் புல்லு எத்தன நாளைக்குக் காணும்? நேத்து ஒரு நாளுலயே சேறாயிருச்சே." சரியான கேள்வி. காணாது என்றுதான் சொன்னேன். ஏழு மாடு சுற்றி வருவதற்குள் முதல் துண்டு தளிர்த்திருக்காது. மேலே ஓடை வரைக்கும் கிடக்கும் கைவிட்ட மலையையும் எடுத்தால்தான் காணும். அங்கே முறையை மாற்ற வேண்டும். காடு பிடித்த இடத்தில் முதலில் ஆடு. அது தின்று திறந்துவிட்ட பிறகுதான் மாடு. அதுவரை பால் கறக்கிற மாடு மட்டும் மேலே, மற்றது கொட்டிலில். பொய் சொல்லிச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

மேலே போக ஒரே வழி நம் மேல் துண்டு. அதன் நடுவால்தான் பாதை விட வேண்டும். பாதை விட்டால் வீட்டுக்கு இடம் மிஞ்சாது.

இதைச் சொல்லத் தயங்கியும்தான் இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. நாகலெட்சுமி அக்கா "ஒன்னய நம்பி வாறதுக்கு ஒன் மாமனார நம்பி மாட்டக் குடுத்ததே மேல்" என்றார். ஐந்தாம் காம்பராக்காரர்கள் கையெழுத்துப் போட்டு முடியுங்கள் என்றே நின்றார்கள், இன்னும் நிற்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் கறந்து முடித்ததும் ராசம்மா அக்கா எழுந்து வெள்ளச்சியின் கயிற்றை அவிழ்த்தார். ஏதோ வீட்டுக் கொட்டிலில் அவிழ்ப்பது போல அவிழ்த்தார். பிறகு மற்ற மூன்றும். காவல்காரர் "அக்கா, என் வேலைக்கு ஒல வைக்காதீங்க" என்று கெஞ்சினார். "நாங்க அவுக்கல, அதுவா நடந்திருச்சுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, நாலு மாட்டையும் மலைக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். வெள்ளச்சியை இரண்டு பேர் பின்னால் தள்ளினோம். நடக்கவே தெரியாமல் நடந்தது. புல் மிஞ்சிய ஓரத்தில் மறுபடி வலை அடித்து, அதற்குள் விட்டதும் வெகு நேரம் தலையைக் குனியவே இல்லை. புல்லை யாராவது கொண்டுவந்து வாயருகே போடுவார்கள் என்று நின்றது. ராசம்மா அக்கா ஒரு கைப்பிடி பிடுங்கிக் காட்டிவிட்டுத் தரையில் போட்டார். அதன் பிறகுதான் மேய்ந்தது. அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சேறான ஒன்பது துண்டில் ஆறு தேறும், மூன்று தேறாது. புல் நட வேண்டும். காவலுக்கு மாறி மாறி ஆள் நிற்கிறோம். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

இப்போது நாளை நடக்கப்போகும் விஷயத்துக்கு வருகிறேன். மாட்டைத் திருடியதாகப் பொலிசுக்குப் போவோம் என்று ஆபிசில் சொல்லியிருக்கிறார்கள். நம் மாட்டை நாமே திருடியிருக்கிறோம். புகாரில் ராசம்மா அக்காவின் பெயரும் என் பெயரும் முதலில் இருக்குமாம். காலையில் கண்டாக்கு உங்களுக்குப் போன் எடுப்பார். மாமாவிடம் உங்கள் நம்பரை வாங்கிவிட்டார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், மாமாவிடம் அதைச் சொல்லிப் பார்த்துவிட்டார்: மாமா கையெழுத்துப் போட்டால் பொலிஸ் இல்லை. ரோட்டோரம் ஏழு பேர்ச் காணி, உங்கள் பெயரில், வீடு கட்டிக்கொள்ளலாம். பொய்யாக இருக்காது. கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஐந்து வீட்டை உடைக்க ஒரு வீடு அவர்களுக்கு லாபம்தான்.

மாமா வியாழக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் செய்தது சரியா பிழையா என்று கேட்டேன். "யோகேசு என்னா சொல்றானோ அதான்" என்கிறார். பத்து மணிக்கு ஆபிசில் இருக்க வேண்டும். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.

நீங்கள் வேண்டாம் என்றால் அவர் போடமாட்டார். போடு என்றால் போடுவார். அதன் பிறகும் நாங்கள் மாட்டை இறக்கமாட்டோம். வந்து இறக்கட்டும். ஆனால் என் வீட்டுக் கையெழுத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வருவார்கள். ராசம்மா அக்கா அதைப் பார்ப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஏழு பேர்ச்சையும் நீங்கள் நினைத்துப் பார்ப்பீர்கள். அதில் பிழை இல்லை. அந்த வெயிலில் மூன்று வருடம் எதற்காக நின்றீர்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து எட்டு மாதம்தான் உங்களோடு இருந்தேன். நாளைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. பொலிசை நினைத்து வராத பயம் அதை நினைத்தால் வருகிறது.

நாகலெட்சுமி அக்கா ஏறி வருகிறார். முடிக்கிறேன்.

எங்கே நின்றாலும் உங்களுக்கு ஒன்றும் வரக்கூடாது. காலையில் முதலில் மாமாவோடு பேசுங்கள், கண்டாக்கோடு பேசுவதற்கு முன்னால். பேசும்போது கத்த வேண்டாம். மாமாவுக்குக் காது கேட்கும்.

உங்கள்
சுலக்ஷனா